அந்தப் பாடலைச் சோகப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்: இசைச் செயலிகளின் பட்டியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பட்டியல் ஆசிரியர்களுக்கும், பாடல்களைப் பரிந்துரைக்கும் முறைகளை வடிவமைக்கும் பொறியாளர்களுக்கும்,

வணக்கம்.

எனக்கு இசைத் துறையோடு எந்தத் தொடர்பும் இல்லை. பல ஆண்டுகளாகச் சந்தா கட்டிப் பாட்டுக் கேட்டுவரும் எண்ணற்றவர்களில் ஒருவர் என்பதைத் தவிர, இந்த மடலை எழுத எனக்கு வேறு தகுதியும் கிடையாது. ஆனாலும் கடந்த சில மாதங்களாக மனதில் கிடந்து உறுத்தும் ஒன்றை உங்கள் அனைவருக்கும் பொதுவாகச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. தானே எழுதி, தானே மெட்டமைத்து, கிட்டாரைத் தானே வாசித்துப் பாடும் ஒரு பாடகியை நான் மிகவும் தாமதமாகக் கண்டுகொண்டேன். அவருடைய பாடல்கள் ஆண்டுக்கணக்கில் உங்கள் சேமிப்பில் இருந்திருக்கின்றன. அவை என் கண்ணில் படாமல் போனதற்கு, நீங்கள் அவற்றின்மேல் ஒட்டிய ஒரே ஒரு சொல்தான் காரணம். அந்தச் சொல் ‘சோகம்’.

அவருடைய பெயரை இங்கே நான் எழுதவில்லை. தனக்காகப் பேசும்படி அவர் என்னைக் கேட்கவில்லை. இது ஒருவருக்கான விளம்பரமாகிவிடக் கூடாது என்ற எண்ணமும் உண்டு. நான் பயன்படுத்தும் செயலியின் உதவிப் பிரிவுக்குப் பெயரையும் பாடல்களின் விவரத்தையும் தனியாக அனுப்பியிருக்கிறேன். மற்ற செயலிகளில் பணிபுரிவோருக்கும் இந்த மடல் பொருந்தும், ஏனென்றால் பாடல்களை அடுக்கும் முறை எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கிறது.

நீண்ட காலம் நீடித்த ஓர் உறவு முடிந்து நான்கு மாதங்கள் ஆகியிருந்த நேரம் அது. அப்படி ஒரு காலத்தைக் கடந்தவர்களுக்குத் தெரியும், பாட்டுக் கேட்பதே ஒரு பயமாகிவிடும். எந்த அடியில் எந்த நினைவு ஒளிந்திருக்கிறது என்று தெரியாது. அதனால் பிரிவு, கண்ணீர், மழை, தூக்கம் வராத இரவு என்று தலைப்பிட்ட பட்டியல்கள் அனைத்தையும் நான் திறக்காமலே தவிர்த்துவந்தேன். உற்சாகம் என்று தலைப்பிட்டவையும் ஒத்துவரவில்லை. என் நிலைக்குச் சற்றும் தொடர்பில்லாத யாரோ என் தோளைப் பிடித்துக் குலுக்குவதுபோல இருந்தது. சொல் இல்லாத வாத்திய இசையை மட்டும் ஓடவிட்டு நாள்களைக் கழித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மாலை பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோது, நான் ஓடவிட்டிருந்த வாத்தியத் தொகுப்பு முடிந்து செயலி தானாகவே வேறொரு பாடலைத் தொடங்கியது. முதல் வரியிலேயே அது பிரிவைப் பற்றியது என்று தெரிந்துவிட்டது. உடனே தள்ளிவிட்டிருப்பேன். இரண்டு கையிலும் சோப்பு நுரை. கைபேசி எட்டாத தூரத்தில், மேசையின்மேல் இருந்தது. கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு போவதற்குள் பாட்டு முடிந்துவிடும் என்று நினைத்து நின்றுவிட்டேன். அது முடியும்போது குழாயை மூடக்கூட மறந்து நின்றிருந்தேன்.

அந்தப் பாடலில் நடப்பது இவ்வளவுதான். பிரிந்துபோகும் இருவர் வீட்டுச் சாமான்களைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். இது உனக்கு, இது எனக்கு என்று ஒவ்வொன்றாக எண்ணுகிறார் பாடகி: விளக்கு, போர்வை, ஒரு கைப்பிடி உடைந்த குவளை, யாருடையது என்று இருவருக்குமே நினைவில்லாத ஒரு குடை. ஒவ்வொரு சரணமும் முடிந்து பல்லவிக்கு வரும்போது, அவன் திருப்பித் தரவேண்டிய வீட்டுச் சாவியைக் கேட்கிறார். மூன்று முறையும் அதை ‘உன் சாவி’ என்றுதான் பாடுகிறார். கடைசிப் பல்லவியில், அந்தச் சாவி கைக்கு வந்த பிறகு, ஒரே ஒரு சொற்றொடர் மாறுகிறது. உன் சாவி என்பது என் கதவு என்று ஆகிவிடுகிறது. அவ்வளவுதான். எங்கும் அவனைத் திட்டவில்லை. எல்லாம் சரியாகிவிடும் என்று தனக்கே சொல்லிக்கொள்ளவும் இல்லை. சாவி இருந்த இடத்தில் ஒரு கதவு வந்துவிட்டது. அதைத் திறப்பதும் மூடுவதும் இனி அவர் கையில்.

இதில் இசை செய்யும் வேலையை நீங்கள்தான் என்னைவிட நன்றாக அறிவீர்கள், ஆனாலும் ஒரு கேட்பவரின் காதுக்கு எட்டியதைச் சொல்கிறேன். சொற்கள் இழப்பைச் சொல்லும்போது தாளம் நடந்துகொண்டே இருக்கிறது. நான் எண்ணிப் பார்த்தேன், நிமிடத்துக்கு நூற்றுப்பத்துக்குச் சற்று மேல். ஒருவர் தெருவில் விரைவாக நடக்கும்போது கால் வைக்கும் வேகம் அது. பொதுவாக மகிழ்ச்சியாக ஒலிக்கும் மேஜர் ஸ்கேல் என்ற சுர வரிசையில்தான் பாட்டு அமைந்திருக்கிறது. ஆனால் ஒவ்வொரு வரியின் முடிவிலும் மெட்டு அடித்தளச் சுரத்தில் போய் உட்காராமல், மேலே ஒரு படியில் நின்றுவிடுகிறது, கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பவர் குரல்போல. மூன்று பல்லவியிலும் அது அப்படியேதான் தொங்குகிறது. சொல் மாறும் அந்தக் கடைசி இடத்தில்தான் மெட்டு முதல் முறையாக இறங்கி, தன் வீட்டில் வந்து அமர்கிறது. அதே நொடியில், அதுவரை விரலால் மட்டும் மீட்டப்பட்டுவந்த கிட்டாரோடு பாஸ் கிட்டாரும் டிரம்மும் சேர்கின்றன. மூன்று நிமிடமாகப் பிடித்துவைத்திருந்த மூச்சு எனக்கு அங்கேதான் வெளியே வந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உடைந்த குவளையைப் பற்றிய வரியில் அவருக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. மிகச் சிறிய சிரிப்பு, குரலில் ஒரு நூலிழை அளவு. பதிவில் அதை நீக்கியிருக்கலாம், மறுபடி பாடியிருக்கலாம். விட்டுவைத்திருக்கிறார்கள். அழுகைக்குப் பக்கத்திலேயே சிரிப்பு குடியிருப்பது வாழ்க்கையில் நமக்குத் தெரிந்ததுதான், ஆனால் ஒலிப்பதிவில் அதை அப்படியே கேட்பது அரிது. அந்த இடத்துக்காகவே நான் பாட்டை எத்தனை முறை பின்னோக்கி இழுத்துக் கேட்டிருப்பேன் என்று உங்கள் கணினிகளில் பதிவாகியிருக்கும்.

அடுத்த இரண்டு வாரத்தில் அவருடைய எல்லாப் பாடல்களையும் கேட்டேன். அழித்துவிட்ட தொலைபேசி எண்ணை விரல்கள் இன்னும் மறக்கவில்லை என்று ஒரு பாடல். இரண்டு பேர் படுத்த கட்டிலில் பல மாதமாகத் தன் ஓரத்திலேயே படுத்திருந்தவர், ஒரு காலையில் நடுவில் படுத்திருக்கும் நிலையில் கண் விழிக்கிறார் என்று இன்னொரு பாடல். அதில் பெரிய வெற்றி முழக்கம் எதுவும் கிடையாது, போர்வை முழுவதும் தன்மேல் இருப்பதை அவர் கவனிக்கிறார், அதோடு பாட்டு நின்றுவிடுகிறது. எல்லாமே பிரிவுப் பாடல்கள். ஒன்றுகூட என்னைக் கீழே இழுக்கவில்லை. முதல் முறையாகக் காலையில் நடக்கப் போனேன். போகும்போது கேட்டவை இவைதான்.

பிறகுதான் ஒரு கேள்வி எழுந்தது. இத்தனை நாள் இவை எங்கே இருந்தன? தேடிப் பார்த்தேன். அவருடைய பாடல்கள் இடம்பெற்றிருந்த பட்டியல்கள் அனைத்தும் நான் திறக்காமல் ஒதுக்கிய பட்டியல்களே. அழுவதற்கு, தனிமைக்கு, மழைக்கு, தூக்கமின்மைக்கு. எனக்கு மருந்தாக இருந்திருக்கக்கூடிய ஒன்றை, நான் தொட அஞ்சிய அலமாரியில், அதே பெயர் எழுதிய சீட்டோடு அடுக்கிவைத்திருந்தீர்கள். அன்று கையில் நுரை இல்லாதிருந்தால் இந்த மடலும் இல்லை.

இது உங்களில் எவருடைய அலட்சியத்தாலும் நேர்ந்ததாக நான் நினைக்கவில்லை. கோடிக்கணக்கான பாடல்களை அடுக்குபவர்களுக்கு ஏதேனும் ஓர் அளவுகோல் வேண்டும் என்பது புரிகிறது. ஆனால் அந்த அளவுகோல்கள் இரண்டும் இந்த வகைப் பாடலை எதிரெதிர்த் திசையிலிருந்து தவறவிடுகின்றன என்பதுதான் என் முறையீடு.

முதல் அளவுகோல் கணினியுடையது. பாடலின் ஒலியை ஆராய்ந்து, அது எவ்வளவு இன்பமாக ஒலிக்கிறது என்று 0 முதல் 1 வரை ஓர் எண்ணைத் தரும் முறை உங்கள் துறையில் பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் உண்டு. அதை ‘வேலன்ஸ்’ என்கிறீர்கள். 1ஐ நெருங்கினால் மகிழ்ச்சி, 0வை நெருங்கினால் துயரம் அல்லது கோபம். அந்த எண் ஒலியிலிருந்து பிறப்பது. சாவி கதவாக மாறியது அதற்குத் தெரியாது. முழுப் பாடலுக்கும் சேர்த்து ஒற்றை எண்ணாகத் தரும்போது, மூன்று நிமிடம் தொங்கிக் கடைசியில் இறங்கும் மெட்டின் பயணம் அந்த எண்ணில் எங்கே தங்கும்? இரண்டாவது அளவுகோல் மனிதருடையது. பட்டியல் தொகுப்பவர் சொற்களைப் பார்க்கிறார், பிரிவு என்று தெரிகிறது, சோகத்தில் சேர்க்கிறார். ஒன்று சொல்லைக் கேட்காத காது, இன்னொன்று இசையைக் கேட்காத கண். இந்தப் பாடல்களின் உயிரோ சொல்லுக்கும் இசைக்கும் நடுவில், இரண்டும் ஒன்றையொன்று மறுத்துப் பேசும் இடத்தில் இருக்கிறது.

இப்படிப்பட்ட பாடல்கள் ஏதோ ஓரத்தில் கிடக்கும் விதிவிலக்குகள் என்றும் நினைத்துவிட வேண்டாம். கிளென் ஷெல்லன்பெர்க், கிறிஸ்டியன் ஃபான் ஷேவே ஆகிய இரு ஆய்வாளர்கள், 1965 முதல் 2009 வரை அமெரிக்காவில் முன்னணி வரிசையில் இடம்பெற்ற ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களை ஆராய்ந்து 2012இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பொதுவாகத் துயரமாக ஒலிக்கும் மைனர் ஸ்கேல் பாடல்கள் காலப்போக்கில் கூடியிருந்தன, சராசரி வேகம் குறைந்திருந்தது. எனக்கு முக்கியமாகப் பட்டது அவர்கள் சொன்ன மூன்றாவது செய்தி: ஸ்கேல் ஒரு பக்கம் மகிழ்ச்சியையும் வேகம் மறுபக்கம் துயரத்தையும் சுட்டும் கலப்பு உணர்ச்சிப் பாடல்கள் பெருகிக்கொண்டே வந்திருக்கின்றன. அவர்கள் கண்டது பெரும்பாலும் மேஜரில் அமைந்த மெதுவான பாடல்கள். என் பாடகியின் கலப்பு வேறு விதம். இசை நடக்கிறது, சொல் அழுகிறது. ஆனால் இரண்டு வகைக்கும் உங்கள் பட்டியல்களில் இடம் இல்லை என்பது ஒன்றுதான்.

நம் மொழியில் உணர்ச்சிகளை வகைப்படுத்தியவர்கள்கூட இவ்வளவு குறுக்கவில்லை. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது வெளிப்படும் உணர்ச்சிகளை, சொல்கிறது. அதோடு நிற்காமல், ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கிறது என்று நான்கு நான்கு நிலைக்களன்களையும் தருகிறது. இழவு, அதாவது இழப்பு, அழுகை பிறக்கும் இடங்களில் ஒன்று. தறுகண் என்னும் அஞ்சாமை, பெருமிதம் பிறக்கும் இடங்களில் ஒன்று. என் பாடகியின் பாட்டில் இழவும் இருக்கிறது, தறுகண்ணும் இருக்கிறது. அழுகையில் புறப்பட்டுப் பெருமிதத்தில் போய்ச் சேர்கிறது. அதை அழுகை என்று மட்டும் எழுதிவைப்பவர், புறப்பட்ட ஊரின் பெயரைச் சேரும் ஊருக்கும் சேர்த்து எழுதிவிட்டார் என்றே சொல்வேன். கடற்கரை நிலமான நெய்தலுக்கு இரங்கலை, அதாவது வருந்துதலை, உரிப்பொருளாக வைத்து அழகான செய்யுள்களை ஆக்கிய ஒரு மரபு நமக்கு இருக்கிறது. இரங்கலை அளந்து, அசை பிரித்து, தொடையில் கட்டும் ஒருவர் அந்த இரங்கலுக்குள் முழுவதுமாக மூழ்கிக் கிடப்பவராக இருக்க முடியாது. ஒரு காலையாவது கரையில் ஊன்றியிருக்க வேண்டும். இந்தப் பாடல்கள் நம்மைத் தூக்கிவிடுவதற்குக் காரணம் அந்த ஊன்றிய கால்தான் என்பது என் எண்ணம். ஆறுதல் சொல்பவரை நாம் முழுதாக நம்புவதில்லை. அதே பள்ளத்தில் விழுந்து, சாமான்களை எண்ணி, எதுகை தேடி, சரியான சுரத்தில் முடித்துக் காட்டுபவரை நம்புகிறோம்.

பாடலின்மேல் ஒட்டப்படும் சீட்டு தவறாகிப்போவது உங்கள் காலத்தில் தொடங்கியதும் அல்ல. அமெரிக்கப் பாடகி குளோரியா கேனர் பாடிய ‘ஐ வில் சர்வைவ்’ 1978இல் வெளிவந்தபோது அது இசைத்தட்டின் பின்பக்கத்தில்தான் இருந்தது. முன்பக்கத்தில் ‘சப்ஸ்டிடியூட்’ என்ற வேறொரு பாடல். பின்பக்கம் என்றால் ஒப்புக்குச் சேர்த்தது என்று பொருள். டினோ ஃபெகாரிஸும் ஃப்ரெடி பெரனும் எழுதிய அந்தப் பிரிவுப் பாடலுக்குப் பின்னால், பாட்டெழுதும் வேலையை இழந்திருந்த நாள்களில் ஃபெகாரிஸுக்கு இருந்த மனநிலை இருந்தது. பாடிய கேனரோ மேடையில் விழுந்து முதுகில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, முதுகைத் தாங்கும் பட்டை அணிந்த நிலையில் ஒலிப்பதிவுக்கு வந்தவர். எழுதியவருக்கும் பாடியவருக்கும் விழுவது என்றால் என்னவென்று தெரிந்திருந்தது. நடன அரங்குகளில் இசைத்தட்டுகளை ஓட்டியவர்கள் தட்டைத் திருப்பிப் போட்டார்கள், ஆடியவர்கள் விடவில்லை. 1979இல் அது அமெரிக்காவின் பில்போர்டு என்ற பாடல் தரவரிசையில் முதலிடத்துக்கு வந்தது, 1980இல் சிறந்த டிஸ்கோ பதிவுக்கான கிராமி விருதையும் பெற்றது. அந்தப் பிரிவில் விருது வழங்கப்பட்டதே அந்த ஓராண்டுதான். கைவிடப்பட்ட ஒரு பெண்ணின் பாடலுக்கு மக்கள் கூட்டம் கூட்டமாக ஆடினார்கள். அன்று யாரேனும் அதற்குச் சோகம் என்று சீட்டு ஒட்டி மழைநாள் பட்டியலில் வைத்திருந்தால், தட்டைத் திருப்பிப் போட ஒரு கை இருந்திருக்குமா என்று யோசித்துப் பாருங்கள்.

இன்று அந்தக் கை உங்களுடையது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

சோகப் பாட்டைத் தேடி வருபவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு அந்தப் பட்டியல்கள் உதவுகின்றன என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். அழுது தீர்க்க ஒரு பாடல் வேண்டும் என்ற நாள்கள் எனக்கும் இருந்திருக்கின்றன, அந்தப் பட்டியல்களை மூடச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை. முகாரி பாட விரும்புபவர்கள் பாடட்டும். ஆனால் அங்கே அழுவதற்கென்று வந்தவருக்கும் இந்தப் பாடல் பொருந்துவதில்லை என்பதைக் கவனியுங்கள். முன்னும் பின்னும் மெதுவான பியானோவும் உடைந்த குரல்களும் இருக்க, நடுவில் இது நடைவேகத்தில் வந்து நிற்கிறது. கேட்பவர் 20 விநாடியில் தள்ளிவிடுகிறார். பல சேவைகளில் 30 விநாடியாவது ஒலித்தால்தான் அது ஒரு கேட்பாகக் கணக்கில் சேரும் என்பது எல்லோருக்கும் தெரிந்த நடைமுறை. தள்ளப்பட்ட பாடல் விரும்பப்படாத பாடலாகப் பதிவாகிறது, அதனால் இன்னும் கீழே போகிறது. கடைசி 40 விநாடியில்தான் தன்னைத் திறந்து காட்டும் ஒரு பாடலுக்கு இதைவிடக் கொடுமையான தேர்வு வேறு இருக்க முடியாது.

என் முதல் வேண்டுகோள் இதிலிருந்தே வருகிறது. மனநிலையைக் குறிக்கும் எந்தப் பட்டியலில் ஒரு பாடலைச் சேர்ப்பதற்கு முன்பும், அதை முடிவுவரை கேளுங்கள். எல்லாப் பாடலுக்கும் இது நடக்காது என்று தெரியும். மனிதக் கையால் தொகுக்கப்படுவதாக நீங்களே பெருமையோடு சொல்லிக்கொள்ளும் பட்டியல்களுக்காவது இதைச் செய்யலாம். முடிந்தால், பாடல் எந்த உணர்ச்சியில் தொடங்குகிறது என்பதோடு எதில் முடிகிறது என்பதையும் குறித்துவையுங்கள். ஒரு சொல்லுக்குப் பதில் இரண்டு சொல், அவ்வளவுதான் கேட்கிறேன். அழுகையில் தொடங்கிப் பெருமிதத்தில் முடியும் பாடல்களுக்கு என்று ஒரே ஒரு பட்டியல் இருந்திருந்தால், அந்த நான்கு மாதமும் நான் வாத்திய இசைக்குள் ஒளிந்திருக்க மாட்டேன்.

அடுத்தது, தொகுப்பை, அதாவது ஆல்பத்தை, தொகுப்பாகவே கேட்கவிடுங்கள். தானே எழுதிப் பாடுபவர்கள் பாடல்களை ஓர் ஒழுங்கில் வைப்பது பொழுதுபோகாமல் அல்ல. 1977இல் வந்த, ஃப்ளீட்வுட் மேக் என்ற ராக் இசைக்குழுவின் ‘ரூமர்ஸ்’ தொகுப்பு இதற்கு நல்ல சாட்சி. அந்தக் குழுவில் இருந்த ஸ்டீவி நிக்ஸும் லிண்ட்சி பக்கிங்ஹாமும் பிரிந்துவிட்ட வேளையில் உருவானது அது. இரண்டாவது பாடல் நிக்ஸ் எழுதியது, ‘ட்ரீம்ஸ்’. பெரும்பகுதி இரண்டே சுரக்கூட்டுகளில், அலைபோல நிதானமாகப் போவது. ஐந்தாவது பாடல் பக்கிங்ஹாம் எழுதியது, ‘கோ யுவர் ஓன் வே’. கிட்டாரும் டிரம்மும் முட்டி மோதி ஓடுவது. ஒரே பிரிவை இருவரும் தத்தம் பக்கத்திலிருந்து பாடுகிறார்கள். பக்கிங்ஹாம் நிக்ஸைப் பற்றி எழுதிய பாட்டில் நிக்ஸே சேர்ந்து குரல் கொடுக்கிறார். இந்த இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பவருக்கு ஓர் உரையாடல் கிடைக்கிறது. மனநிலை வாரியாகப் பிரித்தால் ஒன்று அமைதிக்குப் போய்விடும், மற்றொன்று உடற்பயிற்சிக்குப் போய்விடும். உரையாடிய இருவரையும் இரண்டு வேறு ஊருக்கு அனுப்பிவிட்டதாக ஆகும்.

இதில் நீங்கள் மனம் வைத்தால் மாற்றம் வரும் என்பதற்கும் முன்னுதாரணம் இருக்கிறது. 2021 நவம்பரில், தன் மணமுறிவைப் பற்றிய பாடல்கள் அடங்கிய ‘30’ என்ற தொகுப்பு வெளிவந்த வேளையில், தொகுப்புகளை வரிசை குலைத்து ஓட்டாதீர்கள் என்று பாடகி அடெல் கேட்டுக்கொண்டார். ஸ்பாட்டிஃபை அதை ஏற்று, தொகுப்புப் பக்கத்தில் முதன்மையாக இருந்த ஷஃபிள் பொத்தானை எடுத்துவிட்டு, வரிசைப்படி ஓட்டும் பொத்தானை வைத்தது. உலகறிந்த ஒருவர் கேட்டபோது நடந்தது அது. பெயர் தெரியாத பாடகிகளுக்காகக் கேட்பவர்கள் கேட்கும்போதும் நடக்க வேண்டும்.

எழுதியவர் பெயரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பாடியவர் பெயர் பெரிதாகவும், எழுதியவர், மெட்டமைத்தவர் பெயர்கள் இரண்டு மூன்று முறை தட்டித் தேடிய பிறகு சிறிதாகவும் காணக் கிடைக்கின்றன. பாடலை எழுதியவரும் பாடுபவரும் ஒருவரே என்று தெரிந்து கேட்பதற்கும், தெரியாமல் கேட்பதற்கும் வேறுபாடு இருக்கிறது. அந்த உடைந்த குவளை உண்மையிலேயே அவர் வீட்டில் இருந்ததா என்று எனக்குத் தெரிய வேண்டியதில்லை. ஆனால் அதைப் பாட்டில் சேர்த்ததும், அந்த வரியில் சிரித்ததும், சிரிப்பை விட்டுவைத்ததும் ஒரே ஆள் என்று அறிந்தபோது, ஒரு முழு மனிதர் என்னோடு பேசுவதாக உணர்ந்தேன். பாடல் ஓடும்போதே அந்தப் பெயர்களைத் திரையில் காட்டுவது உங்களுக்குச் சிறிய வேலைதான்.

பாட்டு முடிந்தவுடன் அடுத்ததை இழுத்துவந்து ஓட்டும் வழக்கத்தைப் பற்றி எனக்கு இரண்டு மனமாக இருக்கிறது. அதனால்தான் இந்தப் பாடகி எனக்குக் கிடைத்தார், அதை மறுக்க மாட்டேன். ஆனால் கதவைப் பற்றிய பாடலை இரண்டாம் முறை கேட்டபோது, கடைசிச் சுரம் அடங்குமுன்பே யாரோ ஒருவருடைய விளம்பரத்தனமான கொண்டாட்டப் பாட்டு வந்து மோதியது. ஐந்து விநாடி மௌனம் கொடுத்திருந்தால் போதும்.

சென்ற மாதம் என் நெருங்கிய தோழி ஒருத்தி இதே நிலைக்கு ஆளானாள். ஆறுதலாகப் பேச எனக்குத் தெரியவில்லை. ‘இதை மட்டும் முழுதாகக் கேள்’ என்று எழுதி அந்தப் பாடலை அனுப்பினேன். பிரிவுப் பாட்டு என்று தெரிந்ததும் மூடிவிட்டதாக அன்றிரவு பதில் வந்தது. மறுநாள் அவளைப் பார்க்கப் போய், பக்கத்தில் உட்கார்ந்து, நானே ஓடவிட்டேன். முதல் பல்லவிவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குவளை வந்த இடத்தில் என்னைத் திரும்பிப் பார்த்து, ‘சிரிக்கிறாங்களா?’ என்று கேட்டாள். கடைசிப் பல்லவியில் டிரம் சேர்ந்தபோது அவள் கால் பெருவிரல் தரையில் தட்டத் தொடங்கியிருந்தது. அவளுக்கே அது தெரியவில்லை. முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இவங்க வேறென்ன பாடியிருக்காங்க என்று கேட்டாள். அழுதுகொண்டிருந்தவளின் கால் தாளம் போட்டதை உங்கள் எந்த அளவுகோலில் பதிவு செய்வீர்கள் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

இந்த மடலை முடிப்பதற்கு முன் நேற்றிரவு மறுபடியும் போய்ப் பார்த்தேன். தூக்கம் வராத இரவுகளுக்கான பட்டியலில் அந்தப் பாடல் இன்னமும் 14ஆவது இடத்தில் இருக்கிறது. அங்கிருந்து அதை எடுத்துவிடுங்கள் என்பதே என் விருப்பம். அது முடியாதென்றால், அங்கேயே இருக்கட்டும். காலையில் நடக்கப் போகிறவர்களுக்கான பட்டியலிலும் அதற்கு ஓர் இடம் கொடுங்கள். அது ஓடும் நேரம் 3 நிமிடம் 50 விநாடி. சேர்ப்பதற்கு முன் நீங்களும் ஒரு முறை, நடந்தபடியே, முடிவுவரை கேட்டுப் பாருங்கள்.

நன்றியுடன்,
ஒரு சந்தாதாரர்